காருக்கு ஹிட்ச்: முதலில் கணக்கு, அப்புறம் ஸ்பானர்

அமெரிக்காவிலோ கனடாவிலோ வந்து குடியேறியவர்களுக்கு எப்படியும் ஒரு நாள் ஹிட்ச், அதாவது டிரெய்லரையோ சைக்கிள் ரேக்கையோ மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்பு, ஞாபகம் வரும். பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கியாயிற்று, பூங்காவரை கொண்டுபோக வழியில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, முழு லாரி பிடிப்பதைவிட டிரெய்லர் வாடகை மலிவு. அல்லது பக்கத்து வீட்டுக்காரர் சின்ன கேம்பரை (உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவதைப் பார்த்து வீட்டில் பேச்சு கிளம்பியிருக்கும்.

உடனே இணையத்தில் காரின் வருடத்தையும் மாடலையும் தட்டி, இருப்பதிலேயே பெரிய ஹிட்சாகப் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு நாளில் கனமான இரும்பு ஒன்று வாசலில் வந்து இறங்கிவிடும். அதை மாட்டுவது அரை நாள் வேலை, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தன் கார் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு சுமக்கும் என்ற கேள்வி மட்டும் டிரெய்லரை வாடகைக்கு எடுக்கிற அன்றுதான் எழும். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் சுமை, பிறகு கார், பிறகு ஹிட்ச், கடைசியில் டிரெய்லர் விளக்குகளுக்கான வயரிங்.

எதை இழுக்கப் போகிறீர்கள்?

சைக்கிள் ரேக் மட்டும்தான் என்றால் பாதிக் கவலை இல்லை. வயரிங் தேவையில்லை, டிரெய்லர் பிரேக் பற்றிய சட்டவிதியைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் எடை பாருங்கள். நான்கு சைக்கிள் தாங்கும் தட்டு ரேக்கே பல நேரம் 60, 70 பவுண்ட் இருக்கும். எலக்ட்ரிக் சைக்கிள் ஒவ்வொன்றும் 50 முதல் 70 பவுண்ட். மூன்றை ஏற்றினால் 250 பவுண்டை எட்டிவிடும். அது அத்தனையும் பம்பருக்கு வெளியே தொங்குகிற எடை. சின்ன ஹிட்சின் வரம்பு 200 பவுண்ட்தான் என்பதைப் பிறகு பார்க்கப் போகிறோம்.

டிரெய்லர் என்றால் காலி எடையையும் ஏற்றும் சரக்கையும் கூட்டித்தான் பேச வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, யூ-ஹால் நிறுவனம் வாடகைக்குத் தரும் 5க்கு 8 அடி மூடிய டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். காலியாகச் சுமார் 900 பவுண்ட், முழுதாக ஏற்றினால் 2,700 பவுண்ட் வரை போகலாம். புத்தகப் பெட்டியும் கிரைண்டரும் ஏற்றுகிறவர்கள் அந்த வரம்பை எளிதில் தொட்டுவிடுவார்கள். கேம்பர் வாங்குகிறவர்கள், விற்பவர் சொல்லும் காலி எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் சேரும்போது அது பல நூறு பவுண்ட் ஏறிவிடும். டிரெய்லரின் பட்டையில் அச்சிட்டிருக்கும் ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது அதிகபட்ச மொத்த எடை, எதுவோ அதையே கணக்கில் வையுங்கள்.

காரின் எண்

காரோடு வந்த கையேட்டில் 'டோயிங்' என்ற தலைப்பின் கீழ் இழுவைத் திறன் இருக்கும். ஒரே பெயரில் வரும் காருக்குள்ளேயே எண் மாறும் என்பதுதான் இங்கே வழுக்குகிற இடம். 2019-இல் வந்த தலைமுறை டொயோட்டா ராவ்4-ஐப் பாருங்கள்: சாதாரண பெட்ரோல் வகை 1,500 பவுண்ட், ஹைபிரிட் 1,750, அட்வென்சர் வகை 3,500. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். 2020 ஹைலேண்டரில் வி6 எஞ்சின் 5,000 பவுண்ட் இழுக்கும், ஹைபிரிட் 3,500. நம்மவர் வீட்டு வாசலில் அதிகம் நிற்கும் சியன்னா மினிவேனுக்கு 3,500. நண்பர் அதே காரில் இழுத்தார் என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்; உங்கள் வருடம், உங்கள் எஞ்சின், உங்கள் வகை எதுவோ அதைப் பாருங்கள். சில கார்களுக்கு டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் இருந்தால்தான் முழு எண் பொருந்தும் என்று கையேட்டின் அடிக்குறிப்பு சொல்லும். கொரோல்லா போன்ற சின்னக் கார்களுக்கு இங்கே இழுவையே பரிந்துரைக்கப்படுவதில்லை.

லண்டனிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரர், "எங்கள் ஊரில் இதே கார் இதைவிட இரண்டு மடங்கு இழுக்கிறதே" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அங்கே டிரெய்லர் ஓட்டும் வேக வரம்பு குறைவு, ஹிட்ச் மேல் இறங்கும் எடையின் பங்கும் குறைவு. ஆகவே அந்த எண்ணை இங்கே 65 மைல் வேக நெடுஞ்சாலைக்கு எடுத்துவர முடியாது.

இழுவைத் திறன் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் கையைக் கட்டிப்போடும் எண் வேறொன்று. ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் டயர்-சுமை ஸ்டிக்கரைப் பாருங்கள். பயணிகளும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு எண் இருக்கும். பேலோட் என்பது இதுதான். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் மேல் செங்குத்தாக அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அந்த எடையும் பேலோடில்தான் கழியும்.

ஒரு மினிவேனின் ஸ்டிக்கரில் 1,200 பவுண்ட் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா சேர்ந்து 300. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டி 280. இரண்டு பிள்ளைகள் 120. ஆக 700. ஐஸ் பெட்டி, பை, கூரைமேல் பெட்டி எல்லாம் 150. ஹிட்சும் அதில் செருகும் இரும்பும் காரின்மேல் ஏறிய எடைதானே, அது 60. மொத்தம் 910. மிச்சம் 290 பவுண்ட். டங் வெயிட் 12 சதவீதம் என்று வைத்தால் 290 பவுண்ட் என்பது சுமார் 2,400 பவுண்ட் டிரெய்லருக்குத்தான் போதும். 3,500 இழுக்கும் என்று விளம்பரம் சொன்ன வண்டி, தாத்தா பாட்டியோடு கிளம்பும்போது 2,400-க்கு இறங்கிவிட்டது. மேலே சொன்ன 5க்கு 8 டிரெய்லரை முழுதாக ஏற்ற முடியாது; 900 காலி எடை போக 1,500 பவுண்ட் சரக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தாத்தா பாட்டியை இன்னொரு காரில் அனுப்ப வேண்டும்.

இந்தக் கணக்கைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பெரும்பாலான மினிவேன்கள் முன்சக்கரத்தால் ஓடுபவை. பின்னால் அளவுக்கு மீறி அழுத்தினால் சீசா பலகை போல முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் லேசாகும், மழையில் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எஞ்சின் இழுத்துவிடும், திருப்புவதும் நிறுத்துவதும்தான் கெட்டுப்போகும்.

ஹிட்ச் வகுப்புகள்

காரின் அடிச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற, நடுவில் சதுரக் குழாய் கொண்ட வகைக்கு ரிசீவர் ஹிட்ச் என்று பெயர். சொந்தக் காருக்கு இதுதான். வகுப்பு 1 ஒன்றேகால் அங்குல ரிசீவரோடு வரும், டிரெய்லர் 2,000 பவுண்ட், டங் வெயிட் 200. வகுப்பு 2 அதே ஒன்றேகால் அங்குலம்தான், 3,500-க்கு 350. வகுப்பு 3-லிருந்து ரிசீவர் 2 அங்குலம். கம்பெனிக்குக் கம்பெனி, காருக்குக் கார் இதன் வரம்பு மாறும், 8,000-க்கு 800 வரை போகும். அதற்கு மேல் 4, 5 எல்லாம் பிக்கப் லாரிகளுக்கு.

சியன்னாவுக்கு வகுப்பு 3 ஹிட்ச் கிடைக்கும், அதன் பட்டையில் 3,500-ஐவிடப் பெரிய எண் அச்சிட்டிருக்கலாம். அதனால் சியன்னாவின் திறன் ஏறிவிடாது. கார், ஹிட்ச், அதில் செருகும் பால் மவுண்ட், அதன்மேல் நிற்கும் பந்து, அந்தப் பந்தைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளர், டயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அதில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண். கடைக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு ஏன் பெரியது வாங்க வேண்டும்? 2 அங்குல ரிசீவருக்குத்தான் நல்ல சைக்கிள் ரேக்குகள் கிடைக்கின்றன. நான்கு சைக்கிள் ரேக்கில் பலவும் 2 அங்குலத்துக்கு மட்டுமே செய்யப்படுபவை. ஒன்றேகால் அங்குலத்தை 2 ஆக்கும் அடாப்டர்கள் உண்டு. அவை சுமையை இன்னும் வெளியே தள்ளி, தாங்கும் எடையைக் குறைத்துவிடும். ஆகவே உங்கள் காருக்கு இரண்டும் கிடைத்தால் 2 அங்குலமே வாங்குங்கள். அதிகம் போனால் சில பத்து டாலர் வித்தியாசம்.

கர்ட், டிரா-டைட், ரீஸ் ஆகியவை இங்கே பெயர் பெற்றவை. மூன்றில் எது என்பதைவிட, உங்கள் காரின் வருடத்துக்கும் மாடலுக்கும் அளந்து செய்ததா, எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே684 தரத்தில் சோதித்ததா என்பதைப் பாருங்கள். 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று மலிவாக வருவதைத் தொட வேண்டாம். சட்டத்தில் புதுத் துளை போடச் சொல்லும் ஹிட்சுக்கும் மாற்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள்.

ஆர்டர் போடும் முன் இன்னும் இரண்டு சில்லறை விஷயம். காலை நீட்டினால் தானாகத் திறக்கும் டிக்கி உங்கள் காரில் உண்டா? அதன் சென்சார் பம்பருக்கு அடியில்தான் இருக்கும், ஹிட்ச் சில கார்களில் அதை மறைக்கும். ஸ்டெப்னி டயர் காருக்கு அடியில் தொங்குகிற வகையா? ஹிட்ச் மாட்டியபின் அதை இறக்க இடம் இருக்குமா என்று பொருந்தும் குறிப்பில் பாருங்கள்.

நாமே மாட்டலாமா?

ஹிட்ச் 150 முதல் 350 டாலர், வயரிங் 40 முதல் 120 டாலர் என்று போகும். கடையில் கொடுத்து மாட்டினால் கூலி தனியாகச் சில நூறு. கையில் ஸ்பானர் பிடித்துப் பழக்கமும், தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆளும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பின் பம்பரையே கழற்ற வேண்டிய கார்களும் உண்டு. அதெல்லாம் முதல் முயற்சிக்கு வேண்டாம். உங்கள் ஹிட்சுக்கான மாட்டும் குறிப்பு வாங்கும் முன்பே இணையத்தில் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டொராண்டோ, டெட்ராய்ட், பஃபலோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிற ஊரில் ஏழெட்டு வருடம் ஓடிய கார் என்றால், நான் கடைக்கே அனுப்புவேன். அடிச் சட்டத்துக்குள் வெல்டிங் செய்து வைத்திருக்கும் நட்டுகள் துருப்பிடித்து, போல்ட்டோடு சேர்ந்து சுழல ஆரம்பித்தால் சட்டத்தை வெட்டித்தான் சரிசெய்ய வேண்டிவரும்.

வேறு கம்பெனி ஹிட்ச் மாட்டினால் வாரண்டி போய்விடும் என்று டீலர் பயமுறுத்தலாம். அமெரிக்காவில் 1975-இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிப் பொருள் மாட்டியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று காட்ட வேண்டும். லீஸ் கார் என்றால் கதை வேறு, ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

மாட்டும் வேலை

கார் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சைலன்சர் பக்கத்தில்தான் வேலை. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். உயரமான எஸ்யூவி என்றால் தூக்காமலே அடியில் போகலாம். தூக்க வேண்டுமென்றால் ரேம்ப் நல்லது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் கீழே ஸ்டாண்ட் வைக்காமல் தலையை உள்ளே நீட்டாதீர்கள். மேலிருந்து துரு உதிரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ராட்செட், சாக்கெட் செட், நீட்டுக் குழாய், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பானர்), கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்ப்ரே, பிளாஸ்டிக் வெட்டும் கத்தி, கை விளக்கு ஆகியவை போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டி இரவல் வாங்கலாம்.

முந்தின நாள் மாலையே நட்டுகளுக்கு ஸ்ப்ரே அடித்து வைத்துவிடுங்கள். மறுநாள் கம்பி பிரஷால் திருகுப் பள்ளத்தைத் தேய்த்து, ஹிட்சோடு வந்த போல்ட்டை வெறும் விரலால் உள்ளே போட்டுப் பாருங்கள். கடைசிவரை விரலாலேயே போனால் சுத்தம். இறுகினால் ரெஞ்சால் தள்ளக் கூடாது. வெளியே எடுத்து மறுபடி ஸ்ப்ரே, மறுபடி பிரஷ். தேவையானால் அதே அளவு டாப் (திருகுப் பள்ளம் வெட்டும் கருவி) வைத்து ஓட்டுங்கள். இம்பேக்ட் கன் (தட்டித் தட்டி இறுக்கும் இயந்திர ஸ்பானர்) இந்த இடத்துக்கு ஆகாது.

அடுத்து சைலன்சர். பல கார்களில் பின் சைலன்சர் குழாய் ரப்பர் வளையங்களில் தொங்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, கம்பியிலிருந்து ரப்பரை நெம்பித் தள்ளினால் கழன்றுவிடும். குழாயை அந்தரத்தில் தொங்கவிடாமல், முன்பக்க இணைப்பு வளையாதபடி பட்டையாலோ கம்பியாலோ தாங்கிக் கட்டுங்கள். அடிப் பிளாஸ்டிக் தட்டு வழியை மறைத்தால், குறிப்பில் சொன்ன அளவுக்கு வெட்ட வேண்டும். முதலில் குறைவாக வெட்டுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது.

நட்டு வெல்டிங் செய்திராத கார்களில் போல்ட்டைச் சட்டத்தின் உள்ளிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். புதியவர்கள் முழிக்கும் இடம் இது. பெட்டியில் நுனியில் ஸ்பிரிங் போலச் சுருட்டிய கம்பி ஒன்று இருக்கும். சுருள் முனையைப் போல்ட் வர வேண்டிய துளையில் விட்டு, சட்டத்தின் பெரிய துளைவழியாக வெளியே இழுங்கள்: சுருள் முனை பெரிய துளையில் வெளியே நிற்க வேண்டும், மறுமுனை போல்ட் துளையில் கீழே தொங்க வேண்டும். இப்போது சதுரத் துளை கொண்ட இரும்புத் தகட்டை முதலில் கம்பியில் கோத்து, அதன்பின் போல்ட்டின் திருகு முனையைச் சுருளில் திருகுங்கள். தகட்டையும் போல்ட்டையும் ஒவ்வொன்றாகப் பெரிய துளைவழியே உள்ளே தள்ளி, கீழே தொங்கும் கம்பியை மெல்ல இழுத்தால், போல்ட் தன் துளையில் தலைகாட்டும். தகடு உள்ளே போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்.

கம்பியை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். ஹிட்சைத் தூக்கும்போது அதன் துளைவழியே கம்பியையும் கோத்துக்கொண்டே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஹிட்ச் இடித்து, போல்ட் மறுபடி சட்டத்துக்குள் விழும். அப்படி விழுந்தால் நீளக் காந்தக் குச்சிதான் கதி.

இருவரும் சேர்ந்து ஹிட்சைத் தூக்கி, ஒரு பக்கம் ஒரு போல்ட், மறுபக்கம் ஒரு போல்ட் கையால் போட்டு நிறுத்துங்கள். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், வயர் எதுவும் சட்டத்துக்கும் ஹிட்சுக்கும் நடுவே நசுங்கவில்லை என்று விளக்கடித்துப் பாருங்கள். எல்லா போல்ட்டும் கையால் ஏறிய பிறகுதான் ரெஞ்ச். ரிசீவர் நடுவில் இருக்கிறதா என்று இரு பக்கமும் அளந்து, இடம் வலம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் குறிப்பிலுள்ள எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அரை அங்குல போல்ட்டுக்கும் எம்12 போல்ட்டுக்கும் எண் வேறு, ஊகிக்க வேண்டாம். சைலன்சர் ரப்பர்களை மறுபடி மாட்டி, குழாய் ஹிட்சில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வயரிங்

சின்ன டிரெய்லருக்கு நான்கு கம்பித் தட்டை பிளக் போதும். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது இண்டிகேட்டரும் பிரேக்கும். டிரெய்லரில் எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் ஏழு முனை பிளக்கும், ஓட்டுநர் பக்கத்தில் பிரேக் கண்ட்ரோலரும் வேண்டும். அதைக் கடையிடம் விடுங்கள்.

உங்கள் கார் மாடலுக்கென்றே வரும் டி-இணைப்பு வயரிங் வாங்கினால் வெட்டி ஒட்டும் வேலை இல்லை. டிக்கியின் உள் பேனலைக் கழற்றி, பின்விளக்கு பிளக்கைப் பிரித்து நடுவில் செருகுவதுதான். காரில் இண்டிகேட்டர் தனி மஞ்சள் பல்பாக இருந்தால், இண்டிகேட்டரையும் பிரேக்கையும் ஒரே கம்பியில் சேர்க்கும் கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். கார் வயரிங்கில் சுமை ஏற்றாமல் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் வகை இப்போதைய கார்களுக்கு நல்லது. அதற்கு முன்னாலிருந்து பின்வரை ஒரு கம்பி இழுக்க வேண்டும். சைலன்சர் சூட்டிலிருந்தும் கூர் விளிம்புகளிலிருந்தும் விலக்கி, குழாய் உறைக்குள் விட்டு, ஒவ்வொரு அடிக்கும் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஆரம்பித்து, பியூஸைக் கடைசியில் செருகுங்கள்.

எர்த் கம்பியைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில் திருகுங்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரின் இரண்டு பக்கமும் மினுங்குகிறது, பிரேக் மிதித்தால் விளக்கு மங்குகிறது என்றெல்லாம் பேய் பிடித்தது போல விளக்கு ஆடினால் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேனல்களை மூடும் முன் டெஸ்டர் வைத்து நான்கையும் சோதித்துவிடுங்கள்.

பால் மவுண்டும் பந்தும்

ரிசீவரில் செருகும் இரும்புத் துண்டு பால் மவுண்ட், அதன்மேல் நிற்பது பந்து. பந்து 1⅞, 2, 2 5/16 என்று மூன்று அங்குல அளவுகளில் வரும். எது வேண்டும் என்று டிரெய்லரின் கப்ளர் மேலேயே அடித்திருக்கும். 2 அங்குல கப்ளரில் 1⅞ பந்து உள்ளே போய்ப் பூட்டியது போலவும் தெரியும். முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் பந்தின் தலையில் செதுக்கியிருப்பதைப் படியுங்கள். பந்தின் தண்டு ஒரு அங்குலமென்றால் இறுக்க வேண்டியது 250 ஃபுட்-பவுண்ட். சாதாரண வீட்டு டார்க் ரெஞ்ச் அதுவரை போகாது, வாங்கும் கடையிலேயே இறுக்கித் தரச் சொல்லுங்கள். பால் மவுண்டை ரிசீவரில் பூட்டி நிறுத்தும் குறுக்கு ஊசிக்குப் பின் என்று பெயர்: 2 அங்குல ரிசீவருக்கு ⅝ அங்குலப் பின், ஒன்றேகாலுக்கு அரை அங்குலப் பின்.

டிரெய்லர் சமமாக நிற்க வேண்டும். தரையிலிருந்து ரிசீவர் வாயின் மேல்விளிம்பு வரை அளந்து, டிரெய்லரைச் சமமாக நிறுத்தி கப்ளரின் அடிவரை அளங்கள். மினிவேன் ரிசீவர் 13 அங்குலம், கப்ளர் 17 என்றால் 4 அங்குலம் மேலே தூக்கும் பால் மவுண்ட் வேண்டும். பிக்கப் லாரிக்காரர்களுக்கு இது தலைகீழாக இருக்கும். அதனால் கடையில் தொங்குகிற பொதுவான ஒன்றை எடுத்து வந்துவிடாதீர்கள்.

முதல் தடவை கோக்கும்போது

சரக்கில் 60 சதவீதம் டிரெய்லரின் முன்பாதியில் இருக்க வேண்டும். பின்னால் கனத்தால், நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தானாக இறங்க விடுங்கள். கண்ட்ரோலர் இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்கலாம்.

டங் வெயிட்டைக் குளியலறைத் தராசிலேயே அளந்துவிடலாம். தராசு தாங்காத எடைக்கு ஒரு உபாயம்: ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் தராசு, நடுவில் 3 அடி இடைவெளி விட்டுக் குறுக்கே பலகை. டிரெய்லர் மூக்கைச் செங்கல்லிலிருந்து 1 அடியில், தராசிலிருந்து 2 அடியில் இறக்குங்கள். பலகையை மட்டும் வைத்தபோது தராசு காட்டியதை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். மொத்த எடைக்கு நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் 'கேட் ஸ்கேல்' (CAT Scale) என்ற எடைமேடை இருக்கிறது, கார்களையும் நிறுப்பார்கள்.

கப்ளரைப் பூட்டி அதன் சின்னப் பின்னைப் போட்டதும், டிரெய்லரின் முன் ஜாக்கியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட வேண்டும், பந்து கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அதில் தொங்கும். சங்கிலி தரையில் உரசக் கூடாது, திருப்பத்தில் இழுபடவும் கூடாது.

டிரெய்லருக்குத் தனி பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் கேம்பருக்கு 1,500 பவுண்ட், மற்ற டிரெய்லர்களுக்கு 3,000; டெக்சஸில் 4,500, ஒன்டாரியோவில் 1,360 கிலோ. சட்டம் எதுவானாலும் காரின் கையேடு அதைவிடக் குறைந்த எடையிலேயே பிரேக் கேட்கலாம், அப்போது கையேட்டைக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் உச்சம். மற்ற மாநிலங்களிலும் அந்த வேகத்தில் போவது தப்பில்லை, வலது லேன் இருக்கிறது.

முதல் 50 மைல் ஓட்டியதும் ஒரு முறை நிறுத்தி, ரிசீவரின் பின், சங்கிலி, பிளக், பந்தின் நட்டு எல்லாம் தொட்டுப் பாருங்கள். வீடு திரும்பியதும் ஹிட்ச் போல்ட்டுகளுக்கு இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வையுங்கள். டிரெய்லரைத் திருப்பிக் கொடுத்த பிறகு பால் மவுண்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். அப்படியே விட்டால் இருட்டில் முழங்காலுக்குக் கீழே பதம் பார்க்கும், பார்க்கிங் சென்சார் ஓயாமல் கத்தும், ரிசீவருக்குள்ளேயே துருப்பிடித்து அடுத்த வருடம் சுத்தியலால் தட்டினாலும் வராது.